தையலும் ஆட்டமும்: எழுபது வயது வரை இரண்டும் கையில் இருக்க என்ன வழி?

ஓட்டுத்தையல் (குன்னூர்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

எனக்கு இரண்டு பைத்தியம் உண்டு. ஒன்று கிராஸ் ஸ்டிச் (கட்டங்களை எண்ணிப் பெருக்கல் குறியாகத் தைக்கும் எம்பிராய்டரி), இன்னொன்று பரதநாட்டியம். நாட்டியத்தைச் சின்ன வயதில் கற்று ஜதிஸ்வரம் வரை வந்திருந்தேன், கல்யாணத்தோடு நின்றுபோனது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு பெரியவர்களுக்கான வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். தையல் மட்டும் ஒருபோதும் நின்றதில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டும் தைத்திருக்கிறேன், ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையிலும் தைத்திருக்கிறேன்.

வேலை முடிந்து வந்து, சமையலும் முடித்து நிமிர்ந்தால் எனக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதில் அடவு (நாட்டியத்தின் அடிப்படை அசைவு) பழகினால் துணி அப்படியே கிடக்கிறது. துணியை இறுக்கிப் பிடிக்கும் ரிங்கைக் கையில் எடுத்தால் அடுத்த வகுப்பில் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதிப் பாதியாகப் பிரித்தும் பார்த்தேன். அரை மணியில் உடம்பு சூடேறுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது, இந்தக் குளிரில் கேட்கவே வேண்டாம். தையலிலும் அதே கதைதான். நூல் கோத்து, விட்ட கட்டத்தைத் தேடி, எண்ணிக்கை பிடிப்பதற்குள் அரை மணி போய்விடும்.

“எது முக்கியமோ அதை வைத்துக்கொள், மற்றதை விடு” என்று வீட்டில் சொல்கிறார்கள். தயவுசெய்து இங்கே யாரும் அதைச் சொல்லாதீர்கள். எழுபது வயதிலும் எனக்கு இரண்டும் வேண்டும். அப்படி வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தட்டுக்கழி (ஊட்டி)

நான் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

நேரத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் மூன்று வருடம் கழித்தும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். அரைமண்டியை, முட்டியை மடித்து வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் அந்த நிலையை, மூன்று மாதம்கூட மடித்து வைக்க முடியாது. தொடையில் வலு போய்விடும், மூச்சு வாங்கும், குதித்துமெட்டு அடவில் குதிகால் விழும் சத்தமே மாறிவிடும். அதனால் நாட்டியத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், முழு ஒரு மணி நேரம், அன்று ஊசியைத் தொட வேண்டாம். மீதி நாள் எல்லாம் தையலுக்கு. தினமும் அரை மணி ஆடுவதைவிட இது பல மடங்கு மேல்.

அப்புறம், மூன்றாம் காலத்தை, அதாவது அதிவேகத்தை, துரத்த வேண்டாம். பெரியவர்கள் வகுப்பில் சேருகிற எல்லாரும் வேகம்தான் கடினம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தட்டடவை முதல் காலத்தில், இடுப்பு ஒரு விரற்கடைகூட மேலே எழாமல், எட்டு வகையும் செய்து பாருங்கள். எது கடினம் என்று தொடை சொல்லும்.

பதினாலு கட்டம் (கோத்தகிரி)

தட்டுக்கழி மேடம், துணி காத்திருக்கும், சரி. கண் காத்திருக்குமா? நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எட்டிப்பார்த்துவிடுகிறது. படிக்கும் கண்ணாடி ஏறக்குறைய ஒன்றேகால் அடி தூரத்துக்குக் கொடுக்கிறார்கள். நாம் துணியை அதைவிடக் கிட்டத்தில் பிடிக்கிறோம். கண் டாக்டரிடம் போகும்போது ரிங்கையும் எடுத்துக்கொண்டு போய், இந்தத் தூரத்துக்கு வேண்டும் என்று காட்டிக் கேளுங்கள். கறுப்புத் துணியில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது மனதில் இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுத்தையல், இப்போது கையில் இருக்கும் வேலை எவ்வளவு பெரிது? 14 கட்ட ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். 200-க்கு 250 கட்டம் உள்ள படம் என்றால் 50,000 தையல். துணியில் பார்த்தால் ஏறக்குறைய 14 அங்குலத்துக்கு 18 அங்குலம், சுவரில் மாட்டினால் சின்னதாகத்தான் தெரியும். நிறம் அடிக்கடி மாறுகிற படத்தில் மணிக்கு நூறு தையல் போட்டாலே நல்ல வேகம். அப்படியானால் 500 மணி நேரம். தினம் அரை மணி என்று வைத்தால் 1,000 நாள், அதாவது இரண்டே முக்கால் வருடம், அதுவும் தீபாவளி, காய்ச்சல், விருந்தாளி எதற்கும் ஒரு நாள்கூட விடாமல். உங்கள் பிரச்சினை நாட்டியம் இல்லையோ, படத்தின் அளவோ என்று எனக்குச் சந்தேகம்.

ஓட்டுத்தையல் (குன்னூர்)

மயில். 220-க்கு 280. தோகையில் மட்டும் ஒன்பது பச்சை.

சும்மா படிப்பவன் (லவ்டேல்)

61,600. போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

ஹட்டிக்காரி (கோத்தகிரி பக்கம்)

படகர் வீட்டுப் பெண் பேசுகிறேன். எங்கள் ஹட்டியில் (ஊரில்) ஆட்டம் பழக யாரும் நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. கல்யாணம் என்றால் ஆட்டம், ஹப்பா (திருவிழா) என்றால் ஆட்டம். டிசம்பர், ஜனவரி வாக்கில் ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணி வந்து பாருங்கள், மலை முழுக்க வெள்ளை உடுத்திய கூட்டம். வட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அவள் பாட்டிக்கும் ஒரே அடிதான். முட்டி வலிக்கிறவர்கள் வெளியே வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு மறுபடி நுழைவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் மார்க் போட மாட்டார்கள்.

எழுபது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபதில் மேடை ஏறி ஆட வேண்டுமா, இல்லை நாலு பேரோடு சேர்ந்து ஆடினால் போதுமா? முதலில் அதை யோசியுங்கள் அக்கா. இரண்டாவது என்றால் இவ்வளவு பயம் தேவையில்லை.

தட்டுக்கழி (ஊட்டி)

குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது எளிய அடி, கூட்டமாக ஆடுவது. தனியாக நின்று வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடுவதோடு ஒப்பிட முடியாது. பழகாமல் விட்டால் பரதம் போய்விடும்.

ஹட்டிக்காரி (கோத்தகிரி பக்கம்)

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு எளிதாகத்தான் தெரியும் மேடம். வாத்திய வேகம் ஏற ஏற, முப்பது நாற்பது பேர் ஒரே நொடியில் திரும்ப வேண்டும். ஒருத்தர் பிசகினால் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் மோத வேண்டும். ஒருமுறை வந்து நில்லுங்கள். சண்டைக்குக் கூப்பிடவில்லை, ஆட்டத்துக்குத்தான்.

தட்டுக்கழி (ஊட்டி)

வருகிறேன் அம்மா. டீ உண்டுதானே.

முட்டி வைத்தியம் (ஊட்டி)

பிசியோதெரபி பார்க்கிறவன். கண்ணையும் தொடையையும் பற்றிப் பேசிவிட்டீர்கள், இடுப்பை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு கலையும் நேரத்துக்காக மட்டும் மோதவில்லை, உடம்புக்குள்ளேயும் மோதுகின்றன. மணிக்கணக்கில் குனிந்து தைக்கும்போது இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கியே இருக்கும். கழுத்து முன்னால் நீட்டியிருக்கும், தோள் உருண்டிருக்கும். அங்கிருந்து எழுந்து நேராக முழுமண்டியில் உட்கார்ந்தால் முட்டிதான் அடி வாங்கும். என்னிடம் வரும் நாட்டியப் பெண்களில் நிறையப் பேருக்கு முட்டியில் வலி, ஆனால் கோளாறு இடுப்பில். அரைமண்டியில் கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இறுகிக் கிடந்தால் பாதத்தை மட்டும் திருப்பி வைத்துச் சமாளிப்பார்கள். முட்டி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் பார்க்கும். இளவயதில் உடம்பு பொறுத்துக்கொள்ளும், ஐம்பதில் பொறுக்காது.

அதனால் வரிசை முக்கியம். ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் ஆட்டம் முதலில், ஊசி பிறகு. ஆடி முடித்துத் தசைகளை இழுத்து விட்டு, கை வியர்வை காய்ந்த பிறகு தைக்க உட்காருங்கள். பட்டு நூலுக்கும் அதுதான் நல்லது. குளிர் காலையில் ஆடுவதாக இருந்தால் கால் மணி நேரம் நடந்து, மூட்டுகளைச் சுழற்றி, உடம்பு கதகதப்பான பிறகுதான் முதல் தட்டு. சிமெண்டுத் தரையில் வெறுங்காலால் ஓங்கித் தட்டாதீர்கள். பழைய பங்களாக்களில் இருப்பது போல மரத்தரை கிடைத்தால் விடாதீர்கள், அது கொஞ்சம் நெகிழும். கிடைக்காவிட்டால் தட்டைப் பாதியாகக் குறையுங்கள், அடவு தேயாது.

தைக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஏதாவது ஒன்றை இருபது நொடி பாருங்கள் என்பார்கள். நமக்கென்ன, ஜன்னலைத் திறந்தால் தொட்டபெட்டாவே தெரியும். மூட்டம் விலகியிருந்தால்.

நெறியாளர்

நூல் விலை, கடை பற்றிய பதிவுகளை விற்பனைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு தொடரவும்.

கூடலூர் ஈரம் (கூடலூர்)

நான் ஆண். தைப்பேன், ஆடுவேன். இதைச் சொன்னதும் ஊரில் வரும் சிரிப்பை நான் இப்போது கண்டுகொள்வதில்லை.

எங்கள் தாத்தா குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தது. வரும்போது கொண்டுவந்தவற்றில் காமன் கூத்தும் ஒன்று. மாசி மாதத்தில் நடக்கும். மன்மதன், ரதி, சிவன் எரிப்பது, ரதி அழுவது எல்லாம் உண்டு. ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவார். எங்கள் பக்கம் என் மாமாதான் ரதி. அவருடைய பாவாடைக்குச் சரிகைப் பட்டி வைப்பது, கண்ணாடிச் சில்லு பதிப்பது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் அவர் கைவேலை. வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். தான் சுற்றும்போது பாவாடை எவ்வளவு விரியும் என்பது தையல்காரருக்குத் தெரியாது என்பார், அது உண்மையும்கூட.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அவர் ஒரு நாளைப் பிரித்ததே இல்லை, வருடத்தைத்தான் பிரித்தார். கூத்துக்கு முந்தைய வாரங்களில் ஊசியைத் தொட மாட்டார், ஆட்டம் மட்டும். கூத்து முடிந்து உடம்பு ஆறிய பிறகு மாதக்கணக்கில் ஊசி மட்டும். இன்றைக்கு ஆடவில்லையே, இன்றைக்குத் தைக்கவில்லையே என்று அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. தினமும் இரண்டையும் செய்து தீர வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்று, இந்த மலையில் மழைக்காலத்தைத் தையலுக்கு ஒதுக்காதீர்கள். மழை பெய்யும், வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கலாம் என்று கேட்க அழகாக இருக்கும். ஜூன், ஜூலையில் எங்கள் கூடலூரில் பகல் மூன்று மணிக்கே லைட் போட வேண்டும், போட்டால் கரண்ட் இருக்காது. ஈரத்தில் நூல் பிசுபிசுக்கும், ஊசி துணியில் ஓடாது. அந்த மாதங்களில் வீட்டுக்குள் ஆடுங்கள், உடம்பாவது சூடாகும். தையலுக்கு ஏற்றது பனிக்காலத்து வெயில். ஜனவரி, பிப்ரவரியில் திண்ணையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு வெளிச்சம், முதுகுக்குச் சூடு.

பதினாலு கட்டம் (கோத்தகிரி)

கூடலூர்த் தம்பி, உங்களுக்குத் தென்மேற்கில் கொட்டும். எங்களுக்குக் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை. ஓட்டுத்தையல் குன்னூரில் இருக்கிறார், அவர் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் வருடத்தைப் பிரிப்பது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிடித்திருக்கிறது.

தட்டுக்கழி (ஊட்டி)

மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை என்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். தையல் பருவத்திலும் வாரம் ஒருநாள் வகுப்பை விடாதீர்கள். ஒருநாள் போதும், உடம்பு மறக்காது. மற்றபடி தம்பி சொல்வது நான் சொன்னதைவிட நடைமுறைக்கு ஏற்றது.

ஓட்டுத்தையல் (குன்னூர்)

மழைக்காலப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். போன மழையில் ஐடா துணியில் புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சை. ஊசி குத்தியிருந்த இடத்தில் துருக்கறை வேறு.

கூடலூர் ஈரம் (கூடலூர்)

பூஞ்சையில் நான் டாக்டர் பட்டமே வாங்கலாம். ஊசியைத் துணியில் குத்தி வைத்து மூடாதீர்கள், ரிங்கையும் கழற்றிவிடுங்கள், மாதக்கணக்கில் இருந்தால் வளையத் தடம் போகவே போகாது. பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய வேட்டித் துணியில் பை தைத்து அதில் வையுங்கள், வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். வெள்ளைப் பருத்தியில் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். நிற நூல் ஓடியிருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள், நூல் வெளுத்துப்போகும்.

பேரிக்காய்த் தோட்டம் (கொடைக்கானல்)

பழனி மலையிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற டீச்சர். உங்கள் நீலகிரி இழையில் நுழையலாமா?

இடைவெளி விட்டு வந்தவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும், கலாநிதி நாராயணன். 1928-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே மேடை ஏறியவர், பதின்ம வயதிலேயே ஆட்டத்தை விட்டுக் குடும்பத்துக்குள் போய்விட்டார். திரும்பி வந்தது 1973-இல், ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, நாற்பதுகளின் நடுவில். வந்து என்ன செய்தார்? இருபது வயதுப் பெண்களோடு தீர்மானத்தில், அந்த வேக அடவுக் கோவையில், போட்டி போடவில்லை. அபிநயத்தை, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டுவதை, எடுத்துக்கொண்டார். பதம், ஜாவளி என்ற காதல் பாடல்கள், ஒரே வரிக்குப் பத்து விதமான பாவம். பெயர் வாங்கியிருந்த நர்த்தகிகள்கூட அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். 1985-இல் பத்மபூஷண். ஓட்டுத்தையல், உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் என்றால் அவர் திரும்பி வந்த வயதுதான் இருக்கும்.

பதத்துக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம். எனக்கு ஒரு முட்டி மாற்றியாகிவிட்டது, அரைமண்டியைக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு க்ஷேத்ரய்யர் பதத்தைப் பிடித்தால் மணி போவது தெரியாது. தட்டுக்கழி சொல்வது போல விட்டால் போய்விடும் என்பது கால்களுக்குச் சரி. முகத்துக்கும் கைக்கும் வயது வேறு கணக்கு. எழுபதில் உங்களிடம் இருக்கப்போவது எது என்று பார்த்து இப்போதே அதைக் கொஞ்சம் சேர்த்துவையுங்கள். வாரத்தில் மூன்று நாள் ஆடுவதில் ஒருநாளைப் பதத்துக்குக் கொடுக்கலாமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் நடனத்தோடு தறியும் உண்டு. அவர் ஆட்டத்தையும் நெசவையும் ஒரே வளாகத்தில் வைத்தார், ஒன்றை விட்டு ஒன்றை எடு என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தட்டுக்கழி (ஊட்டி)

டீச்சர், வணங்குகிறேன். பெரியவர்கள் வகுப்பில் நான் பதத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், அடவு எல்லாம் முடிந்த பிறகு. அதை முன்னால் கொண்டுவரலாமா என்று யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

ஆரி ஸ்டாண்ட் (வெலிங்டன்)

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஆரி (கொக்கி ஊசியால் செய்யும் எம்பிராய்டரி) கற்றுக்கொண்டேன், ஆசைக்கு. முதலில் என் பிளவுஸ், அப்புறம் தங்கச்சி பிளவுஸ், அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண். இப்போது முகூர்த்த மாதம் வந்தால் ஸ்டாண்டை விட்டு எழுந்திருக்க முடியாது. ஜர்தோசி, சம்கி, பாசி மணி, எல்லாம் அடுத்தவர் கேட்ட டிசைன், அடுத்தவர் கேட்ட தேதி. காசு வருகிறது, அதில் குறை இல்லை. ஆனால் எனக்காக ஒரு பூ போட்டு எவ்வளவு நாளாயிற்று! முன்பு வெள்ளிக்கிழமை தோறும் கும்மி, கோலாட்டம் என்று ஒரு குழுவோடு போய்க்கொண்டிருந்தேன், அதுவும் நின்றது.

பொழுதுபோக்காகவே கடைசிவரை வைத்திருக்க விரும்புகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது விலை பேசாமல் வையுங்கள். “இவ்வளவு நன்றாகத் தைக்கிறாயே, விற்கலாமே” என்று சொல்ல வருகிறவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஹட்டிக்காரி (கோத்தகிரி பக்கம்)

வெலிங்டன் அக்கா, கோலாட்டக் குழு இப்போதும் நடக்கிறதா? எங்கள் பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரி ஸ்டாண்ட் (வெலிங்டன்)

தனிச்செய்தியில் சொல்கிறேன் கண்ணு. நீங்கள் வந்தால் நானும் வருவேன்.

ஓட்டுத்தையல் (குன்னூர்)

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. பதினாலு கட்டம், படத்தின் அளவுதான் பிரச்சினை என்றீர்களே. சின்னதாக, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, ரிங்கும் வரைபடமும் இல்லாத வேலை ஏதாவது சொல்லுங்கள். நம் நீலகிரிப் பழங்குடித் தோடர்களின் எம்பிராய்டரி அப்படித்தானே?

பதினாலு கட்டம் (கோத்தகிரி)

அப்படித்தான். அவர்கள் ரிங் போடுவதில்லை, துணியில் எதையும் வரைந்துகொள்வதும் இல்லை. கனமான வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான். துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசியை ஓட்டுகிறார்கள். முடித்த பிறகு பார்த்தால் தறியிலேயே விழுந்த வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளியை எந்தப் பக்கம் போட்டாலும் அழகாக இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் தங்கள் ஊரான மந்துக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தைப்பார்கள். வரைபடத்தைப் பார்க்கக் குனிய வேண்டியதில்லை என்பதால் தலை நிமிர்ந்தே இருக்கும். முட்டி வைத்தியர் சந்தோஷப்படுவார்.

ஒரே ஒரு வேண்டுகோள். எண்ணித் தைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ளுங்கள். அவர்கள் வடிவங்களை அப்படியே எடுத்து ஸ்டால் போட்டு விற்காதீர்கள். போலிகள் ஊட்டியில் போதுமான அளவு தொங்குகின்றன. உண்மையான வேலை வேண்டுமானால் தைக்கும் பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

நீங்கள் செய்வதற்கு என்றால், எட்டு இழை பத்து இழை எண்ணி ஓரம் கட்டும் கைக்குட்டை வேலையில் தொடங்கலாம். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். எட்டு மீட்டர்க் கட்டு ஒன்று ரொம்ப நாள் வரும்.

சும்மா படிப்பவன் (லவ்டேல்)

பஸ்ஸில் தைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் என் மனைவி முயன்றார். கொண்டை ஊசி வளைவில் கையில் இருக்கிற ஊசி எங்கே போகும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. மலை ரயில் பரவாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறும்போது நாலரை மணி நேரத்துக்கு மேல். அது போகிற வேகத்துக்கு அறுவங்காட்டுக்குள் ஒரு ஓரம் முடிந்துவிடும்.

முட்டி வைத்தியம் (ஊட்டி)

ரயிலில் சீட் நிமிர்ந்திருக்கும். அனுமதி.

ஓட்டுத்தையல் (குன்னூர்)

சரி, இப்படிச் செய்யப் பார்க்கிறேன். பெரிய மழை மாதங்களில் வாரம் மூன்று நாள் ஆட்டம், அதில் ஒன்று பதத்துக்கு. பனி வெயில் தொடங்கியதும் வகுப்பு மட்டும் ஒருநாள், மற்ற நாளெல்லாம் தையல். மயிலின் தோகையை வெட்டிவிட்டேன், துணியை இல்லை, படத்தை. தலையும் கழுத்தும் மட்டும், 80-க்கு 110. தோகை வேண்டும் என்றால் எழுபதில் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டுக்கழி மேடம், வேறொரு விஷயம். சின்ன வயதுச் சலங்கையை எடுத்துப் பார்த்தேன். தோல் பூஞ்சை பிடித்து வெடித்திருக்கிறது, மணிகள் நன்றாக இருக்கின்றன. புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். நானே தைக்கலாமா?

தட்டுக்கழி (ஊட்டி)

தாராளமாக. மணியை எல்லாம் வெட்டி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். இந்த ஊர் ஈரத்துக்குத் தோல் வேண்டாம். உள்ளே கெட்டிக் கேன்வாஸ் இரண்டு மடிப்பு, வெளியே வெல்வெட். உங்கள் கணுக்காலுக்கு மேல் சுற்றளவு எடுத்து, நாடா கட்ட இரண்டு பக்கமும் இடம் விட்டு வெட்டுங்கள். வரிசைக்குக் கோடு போட்டுக்கொண்டு, மணியின் பின்னால் இருக்கும் வளையத்தில் ஊசி விட்டு ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக முடிச்சிடுங்கள். ஒரே நூலை ஓட்டி வரிசை முழுக்கத் தைத்தால் ஒன்று அறுந்ததும் மேடையில் எல்லாம் உருளும். மணிகள் ஒன்றோடொன்று இடிக்கிற அளவு நெருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் அசைய இடம் இருக்க வேண்டும். முதல் வரிசை தைத்ததும் ஆட்டிக் கேட்டுப் பாருங்கள்.

கூடலூர் ஈரம் (கூடலூர்)

நூல் என்ன நூல் மேடம்? மாமாவின் சலங்கையும் அதே கதிதான். பருத்தி நூலில் தைத்தது ஒரு கூத்துக்கே இற்றுவிட்டது.

தட்டுக்கழி (ஊட்டி)

செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் நைலான் நூல். இரட்டையாகக் கோத்து, மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துவிட்டுத் தையுங்கள். விரலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், கேன்வாஸ் இரண்டு மடிப்பில் ஊசி எளிதில் ஏறாது.

ஆரி ஸ்டாண்ட் (வெலிங்டன்)

அந்த வெல்வெட் ஓரத்துக்கு ஆரியில் ஒரு சங்கிலி போட்டுத் தருகிறேன், இருவருக்கும். காசு வேண்டாம். தைப்பதற்கு முன்னால் அனுப்புங்கள், மணி வைத்த பிறகு ஸ்டாண்டில் ஏறாது.